காலிமனைச் சீமைக்கருவேலம்

திருச்சி மன்னார்புரம், காஜாமலைப் பக்கம் மனை வாங்கிப் போட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஆள் இல்லாத மனையில் சீமைக்கருவேலம் குடியேற அதிக காலம் பிடிக்காது.

அமெரிக்கக் கண்டத்து மரம் இது. விறகுக்காக 1870களில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இனிப்பான காயை ஆடுமாடு தின்னும். சாணத்தோடு விழும் விதை எளிதில் முளைக்கும்.

2017இல் இதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஊரெங்கும் ஜேசிபிகள் இறங்கின. அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. 2022இல் தமிழக அரசு ஆக்கிரமிப்பு அயல் தாவரங்களை அகற்றி, நிலத்தை மீட்பதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது.

வெட்டினால் போகாது. அடிமரத்திலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும்.

ஆனாலும் ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் கரிமூட்டம் போடும் குடும்பங்களுக்கு இதுதான் சோறு. அங்கே ஒரே நாளில் அழித்தால் அடுப்பு அணையும். திருச்சி மனைக்காரருக்கு அந்தச் சிக்கல் இல்லை. மழைக்கு முன் பிடுங்கி, அந்தக் குழியிலேயே வேம்போ புங்கனோ நட்டு, புதுக் கன்று முளைக்கிறதா என்று சில வருடம் பார்த்துக்கொண்டால் போதும்.