பிள்ளை அழைத்தான்

எங்கள் வீட்டுச் சிறுவனுக்கு இப்போது இரண்டு வயதும் மூன்று மாதங்களும் ஆகின்றன. கரவனெல்லச் சந்தியிலிருந்து சிறிது தூரத்தில், மழைக்காலத்தில் களனி கங்கையின் இரைச்சல் திண்ணைவரை கேட்கும் ஒரு வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். சொந்த ஊர் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர். இறப்பர்த் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைக் கவனிக்கும் உத்தியோகம் எங்களை இந்த அயல்நாட்டு வாசத்துக்குக் கொண்டுவந்தது.

பையன் பேசத் தொடங்கியபோது வீட்டில் ஒரு குழப்பம் நேர்ந்தது. வாசலில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்து, "என்ன, என்ன" என்று கையசைப்பான். "ஒன்றுமில்லையடா கண்ணே, உனக்கு என்ன வேண்டும்?" என்போம். மறுபடியும் "என்ன" என்பான். பிறகு காலை உதைத்துக்கொண்டு அழுவான். இரண்டு நாட்கள் இந்த நாடகம் நடந்தது. அடுத்த வீட்டு ஆச்சிதான் தமக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சிரித்துக்கொண்டே விளக்கினார். சிங்களத்தில் "என்ன" என்றால் "வாருங்கள்" என்று பொருளாம். பெற்ற பிள்ளை மரியாதையாக அழைத்திருக்கிறான்; நாங்களோ நின்ற இடத்தைவிட்டு அசையாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்!

பாட்டியைச் சிங்களவரும் ஆச்சி என்றே அழைப்பர். பகலில் பாதிப் பொழுது பையனுக்கு அவர் வீட்டுத் திண்ணையில்தான் கழிகிறது. அவருடைய பேரப்பிள்ளைகள் இவனை "மல்லி" என்கிறார்கள். தம்பி என்று அர்த்தம். (எங்கள் சமையலறையில் மல்லி என்பது ரசத்துக்கு வறுத்து இடிப்பது.) தண்ணீருக்கு "வத்துர", பாலுக்குக் "கிரி", வேண்டாம் என்பதற்கு "எபா". இந்த எபாவை அவன் கற்றுக்கொண்ட வேகம் எந்தத் தாய்க்கும் வியப்பளிக்காது. அம்மாவும் அக்காவும் இரண்டு மொழிகளுக்கும் பொதுவாக இருப்பது எங்களுக்குச் சற்று ஆறுதல்.

ஆறுதல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கூடலூரிலுள்ள எங்கள் அப்பாயியுடன் ஞாயிறுதோறும் கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுவது வழக்கம். அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கொள்ளுப்பேரன் வாயால் "அப்பாயி" என்று ஒரு தடவை கேட்டுவிட வேண்டுமென்று ஆசை. பையன் சிங்களத்தில் மழலை பேசினால் மனம் நோவாரோ என்றஞ்சி, சனிக்கிழமை இரவே அவனுக்கு ஒத்திகை நடத்துவோம்.

அப்பாயி பிறந்தது இதே களனிப் பள்ளத்தாக்கில், ஓர் இறப்பர்த் தோட்டத்து லயத்தில். விடியுமுன் மரத்தடிக்குப் போய்ப் பால் வெட்டியவர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவரைப் பிறந்த நாட்டின் பிரஜையாக ஏற்கவில்லை. 1964இல் ஏற்பட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பாகப்பிரிவினையில் பண்டபாத்திரங்களைப் பிரிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். அப்பாயி 1972இல் தலைமன்னாரில் "இராமானுஜம்" கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார். அன்று அவர் இடுப்பில் இருந்தவர் எங்கள் பையனின் தாத்தா. அவருக்கும் அப்போது இரண்டு வயது. தாயகம் திரும்பியோருக்கென்று தமிழக அரசு 1968இல் தொடங்கியிருந்த தேயிலைத் தோட்டத் திட்டத்தில், கூடலூர்ப் பக்கம் வேலை கிடைத்தது. பால் வெட்டிய கை கொழுந்து பறிக்கக் கற்றுக்கொண்டது.

எங்கள் பையனும் இங்கே பிறந்தவன்தான். ஆனால் இலங்கைச் சட்டத்தில் குடியுரிமை பெற்றோர் வழியே வருவது. பிறந்த மண்ணால் வருவதன்று. ஆகவே ஓராண்டு நிறையுமுன் கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகத்தில் அவன் பிறப்பைப் பதிவு செய்தோம். "பிறந்த இடம்" என்ற கட்டத்தை நிரப்பும்போது பேனா சற்றே நின்றது. அப்பாயியின் தகரப் பெட்டியிலுள்ள பழைய கடவுச்சீட்டிலும் இந்த மாவட்டத்தின் பெயரே இருக்கிறது.

சென்ற மாதத்து ஞாயிறு ஒன்றில் நல்ல மழை. ஒத்திகையெல்லாம் வீணாயிற்று. திரையில் அப்பாயியின் முகத்தைக் கண்டதும் பையன் இரு கைகளையும் நீட்டி, "ஆச்சி, என்ன! என்ன!" என்று கூவினான். நாங்கள் பதறிப்போய் விளக்கம் சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் அப்பாயி, "என்னம் புத்தே, என்னம்" என்றார்.

வருகிறேன் மகனே, வருகிறேன்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து ஒரு சிங்களச் சொல்லை நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவரும் சற்றுத் திகைத்தவர்போல் இருந்தார். பிறகு தமிழில், "கெங்கையில தண்ணி எம்புட்டு வந்திருக்கு? கொண்டுபோய்க் காட்டுங்க, பாக்கணும்" என்றார். குடையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தொலைபேசியை ஆற்றுக்கு நேரே தூக்கிப் பிடித்தோம். பையன், "வத்துர, வத்துர" என்று விரலை நீட்டினான். அப்பாயி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

சனிக்கிழமை ஒத்திகையை நிறுத்திவிட்டோம். அப்பாயிக்குப் புதிய கடவுச்சீட்டு எடுக்க விண்ணப்பம் போட்டாயிற்று. அதன்பின் இலங்கைக்கு விசாவும் வாங்க வேண்டும். இந்த வயதில் எதற்கு அலைச்சல் என்று உறவினர் கேட்கிறார்கள். "புள்ளைக்கி வாரேன்னு சொல்லிட்டேன்" என்கிறார்.