காலை எடுத்தும் அணையாத விளக்கு

நான் கார் வாங்கியது 2017-ல். வாங்கியது என்றதும் ஷோரூம், ரோஜா மாலை, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் என்றெல்லாம் கற்பனை பண்ணாதீர்கள். ரிடையரான ஆபீஸ் சீனியர் ஒருவர் பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டு, "பொண்ணைக் கட்டிக் குடுக்கற மாதிரி குடுக்கறேன்ப்பா, பத்திரமா வெச்சுக்கோ" என்று என் தலையில் கட்டிய சின்னக் கார்.

புகுந்த வீட்டில் ஒரு வருஷம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மாடி வீட்டு மாமா கூப்பிட்டார். "ஏம்ப்பா, உன் கார்ல யாராவது உக்காந்து பிரேக்கை மிதிச்சுண்டு இருக்காளா?"

இறங்கிப் போய்ப் பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை. சாவி என் கையில். பின்னால் இரண்டு சிவப்பு விளக்கும் ஜெகஜ்ஜோதியாக எரிகின்றன! பெடலை நாலு தரம் மிதித்தேன். அணையவில்லை. 'தானா அணைஞ்சுடும்' என்று மனசைத் தேற்றிக்கொண்டு தூங்கப் போய்விட்டேன். (ஆபீஸ் பழக்கம்.)

காலை ஏழு மணிக்குச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றது. அவ்வளவுதான். பழைய வண்டிகளில் பிரேக் விளக்குக்குச் சாவி தேவையில்லை, நேரே பேட்டரியிலிருந்து உறிஞ்சும். ஒரு பல்பு 21 வாட், இரண்டுக்கு 42. பன்னிரண்டு வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். என் பேட்டரி 35 ஆம்பியர்-அவர். பத்து மணி நேரத்தில் காலி. ராத்திரி ஒன்பது டு காலை ஏழு... கணக்கு பைசா சுத்தமாக டாலி ஆகிறது!

பக்கத்து வீட்டு பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு உயிர் கொடுத்தோம். தெரிந்த மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். "அதுவரைக்கும் ராத்திரி ஃப்யூஸைப் பிடுங்கி வெச்சுடு. காலைல போட்டுக்கோ" என்றார் மாமா. என் காரில் ஹாரனுக்கும் பிரேக் விளக்குக்கும் ஒரே ஃப்யூஸ். இரண்டு நாள் ஒழுங்காகச் செய்தேன்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. ஒன்பதரைக்கு மீட்டிங், வீட்டில் தண்ணீர் வரவில்லை, பையனுக்கு ஒரு சாக்ஸ் காணோம். வேளச்சேரி தாண்டும்போது ஹாரனை அமுக்கினேன். சத்தமே இல்லை. சென்னையில் ஹாரன் இல்லாமல் ஓட்டுவது மௌன விரதத்தோடு மீன் மார்க்கெட்டுக்குப் போவது மாதிரி! ஆபீஸ் போய்ப் பார்த்துக்கலாம் என்று ஓட்டினேன். ஹாரன் இல்லை என்றால் வேறு எது இல்லை என்று யோசிக்கத் தோன்றவில்லை.

சைதாப்பேட்டை சிக்னலில் மஞ்சள் விழுந்தது. பிரேக் போட்டேன். பின்னால் 'டொம்'!

ஒரு ஸ்கூட்டர். முன்னால் நின்றுகொண்டு வந்த யூனிஃபார்ம் போட்ட குழந்தைக்கு நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. டிபன் பாக்ஸ் மட்டும் ரோட்டில் உருண்டு, தயிர்சாதம் தார்மேல் கிடந்தது.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கத்தினேன்.

"சாரி சார்... நீங்க பிரேக் போட்டதே தெரியல சார்."

"தெரியலையா? ரெண்டு லைட்டு எரியுதே, அப்புறம் என்ன தெரியணும்?"

அந்த மனுஷர் மறுபடி சாரி சொன்னார். குழந்தை காலி டிபன் பாக்ஸை மூடிப் பையில் வைத்துக்கொண்டது. பச்சை விழுந்து, ஹாரன் உள்ளவர்கள் எல்லாம் அடிக்க ஆரம்பிக்க, அவர் போய்விட்டார்.

ஆபீஸ் பார்க்கிங்கில் ஐடி கார்டுக்காகச் சட்டைப் பையில் கைவிட்டேன். ஃப்யூஸ் வந்தது. அன்றைக்கு மீட்டிங்குக்கு லேட்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் டார்ச்சோடு தலையைப் பெடலுக்கடியில் நுழைத்தார். "ஃப்ரிட்ஜ் கதவை மூடினா உள்ள லைட் அணையுதில்ல சார்? அதே மேட்டர்தான். பெடல் மேல வந்து இந்தச் சுவிட்சோட ஊசியை அமுக்கினா லைட் ஆஃப். மிதிச்சா ஊசி வெளிய வரும், லைட் ஆன்." ஊசியை விரலால் அமுக்கினார். பின்னால் விளக்கு அணைந்தது. "சுவிட்ச் நல்லா இருக்கு. பெடல் தகட்டுல ஊசிக்கு நேரா ஓட்டை இருக்கு பாருங்க, அதை அடைக்கிற ரப்பர் பொத்தானைத்தான் காணோம். ஊசி ஓட்டைக்குள்ள போயிடுது. சுவிட்சைப் பொறுத்தவரை நீங்க எப்பவும் மிதிச்சுக்கிட்டே இருக்கீங்க."

"எரியறதால என்ன சார், பேட்டரிதானே போகுதுன்னு நினைக்காதீங்க," என்று அவரே தொடர்ந்தார். "எப்பவும் எரிஞ்சா பின்னால வர்றவனுக்கு நீங்க எப்ப நிக்கறீங்கன்னு எப்படித் தெரியும்?"

நான் பதில் சொல்லவில்லை.

அந்த ஓட்டையில் ஒரு சின்ன போல்ட்டைப் போட்டு நட்டால் முறுக்கினார். "இது டெம்பரவரி. ரப்பர் பத்து, இருபது ரூபாதான், வாங்கி வெச்சுக்கங்க." பிறகு மிதியடியைத் தட்டி, உதிர்ந்த பழுப்புத் தூளை உள்ளங்கையில் காட்டினார். "இதுதான் உங்க ரப்பர். வயசாயிடுச்சு, நொறுங்கிடுச்சு."

பக்கத்தில் நின்ற என் பையன் எட்டிப் பார்த்தான். போன வாரம் அதே தூளைப் பார்த்துவிட்டுத்தான், காருக்குள் பிஸ்கட் தின்றதாக அவன் முதுகில் ஒன்று வைத்திருந்தேன். "நான் முன்சீட்ல உக்காரவே இல்லப்பா" என்று அவன் சொன்னதற்கு, எதிர்த்துப் பேசியதாக இன்னொன்று.

"நான் சொன்னேன்ல?" என்றான்.

அவனுக்கு ஒரு பாக்கெட் க்ரீம் பிஸ்கட்டில் சமாதானம் ஆயிற்று. ஸ்கூட்டர்காரரைத்தான் பிடிக்க முடியவில்லை. ரொம்ப நாள் அதே ஒன்பது மணிக்குச் சைதாப்பேட்டை சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கண்ணாடியில் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். யூனிஃபார்ம் போட்ட குழந்தை முன்னால் நிற்கிற ஸ்கூட்டர் தினமும் இருபதாவது வருகிறது.