விச்சர்: வாசித்ததும் விளையாடியதும்

கணினி விளையாட்டைப் பற்றி இலக்கியச் சஞ்சிகையொன்றில் எழுதுவதா என முகஞ்சுளிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. சில வருடங்களுக்கு முன்வரை நானும் அவர்களுள் ஒருவன்தான். நள்ளிரவில் மூத்த மகனின் அறையிலிருந்து வாள் மோதும் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஏசியிருக்கிறேன். ஒருநாள் ஏசப் போனபோது அவன் திரையைக் காட்டி, "வாப்பா, ஒங்கட புத்தகத்தில வாற ஆள்தானே இவன்?" என்று கேட்டான்.

அவனேதான். போலந்து எழுத்தாளர் அந்த்ஜெய் சப்கோவ்ஸ்கியின் கெரால்ட். 1986 இல் 'பன்டாஸ்டிகா' சஞ்சிகையின் சிறுகதைப் போட்டியில் மூன்றாமிடம் பெற்ற கதையில் பிறந்து, பிறகு தொகுதிகளிலும் நாவல்களிலும் வளர்ந்தவன். கூலிக்குக் கொடிய பிராணிகளைக் கொல்லும் 'விச்சர்' என்பது அவனது தொழில். 'கடைசி விருப்பம்' தொகுதியை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்திருந்தேன். அம்மொழிபெயர்ப்பு வந்த 2007 இல்தான் சீடி புரொஜெக்ட் ரெட் என்ற போலந்து நிறுவனம் இக்கதைகளைத் தழுவிய முதலாவது விளையாட்டையும் வெளியிட்டது. மகன் விளையாடிக்கொண்டிருந்தது 2015 இல் வந்த மூன்றாவது பாகம். அன்றிரவு நானும் உட்கார்ந்தேன். சுபஹு பாங்கு கேட்டுத்தான் எழும்பினேன்.

தழுவியவர்கள் செய்த முதல் நல்ல காரியம், நாவல்களைத் திரும்பச் சொல்லாமல் விட்டது. நாவல்கள் முடிந்த இடத்திலிருந்து புதுக்கதை தொடங்குகிறது. ஆனால் சப்கோவ்ஸ்கியின் உலகம் அப்படியே இருக்கிறது. போர் தின்ற கிராமங்கள், சந்தேகத்தோடு பார்க்கப்படும் எல்ஃப்களும் குள்ளர்களும், உதவி கேட்டுவிட்டுக் கூலியில் பேரம்பேசும் ஊர்த்தலைவர்கள், எல்லாமே உண்டு.

வெலென் என்ற சதுப்புநிலப் பகுதியில் ஒரு பரோன் வருகிறான். குடிகாரன். மனைவி அன்னாவும் மகள் தமாராவும் வீட்டைவிட்டு ஓடிவிட்டார்கள், தேடித்தா என்கிறான். தேடத் தேட, அவன் மனைவியை அடித்தவன் என்பதும் அவளுடைய கரு கலைந்ததும் தெரியவருகின்றன. பெயரிடாமல் புதைக்கப்பட்ட அந்தக் கரு இரவில் பேயாக அலைகிறது. பரோன் அதைக் கையிலேந்தி வீட்டுக்குக் கொண்டுவந்து, பெயர் வைத்து, வாசற்படியின் கீழ் அடக்க வேண்டும். அவன் நடக்க, வழியில் வரும் பேய்களைத் தடுத்தபடி நாம் கூடப் போகவேண்டும். ஒரு நல்ல சிறுகதையில் கிடைக்கும் பாரம் அந்த நடையில் இருந்தது. வாசிக்கும்போது கதாபாத்திரத்தைப் பின்தொடர்கிறோம். இங்கே அவனுடைய காவற்காரனாகவே ஆகிவிடுகிறோம்.

பிறகுதான் நான் பிழைவிட்டேன். காட்டில் ஒரு மரத்தடியில் அடைபட்ட ஆவியொன்றை விடுவிப்பதா, கொல்வதா என்று முடிவெடுக்க வேண்டும். விடுவித்தேன். சதுப்பிலிருந்த அநாதைப் பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால் ஒரு கிராமம் அழிந்தது, அன்னா இறந்தாள், பரோன் தன் முற்றத்து மரத்தில் தூக்கிட்டுக்கொண்டான். எனக்குத் தாங்கவில்லை. சேமித்து வைத்திருந்த பழைய இடத்துக்குத் திரும்பிப் போய், அதே மரத்தடியில் ஆவியைக் கொன்றேன். இம்முறை பரோன் உயிரோடு இருந்தான். அன்னா சித்தங்கலங்கியவளாய்ப் பிழைத்தாள். வைத்தியம் தேடி அவளை மலைக்குக் கூட்டிப்போனான். பிள்ளைகளைக் காணவில்லை.

"செத்த மனிசன எழுப்பிட்டீங்களே வாப்பா, இது களவு வேல" என்று மகன் சிரித்தான். மனைவி கொஞ்ச நேரமாகக் கதவருகே நின்றிருந்திருக்கிறாள். "அடிச்சவன்ட அழுகய மணித்தியாலக் கணக்கில காட்டுறான். அடிபட்ட பொம்புள எங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. பரோனுக்கு நீண்ட வசனங்கள், இடறும் குரல், கண்ணீர். அன்னா தன் கதையைத் தன் வாயால் முழுதாகச் சொல்லும் காட்சி ஒன்றுகூட இல்லை. மகள் தமாரா கொஞ்சம் பேசுகிறாள், அவ்வளவுதான். ஒருவனின் துக்கத்தை இத்தனை அருகில் காட்டியதால்தான், அவனுக்காகப் பிள்ளைகளை இழக்க ஒப்புக்கொண்டேன். கணக்குப் பார்த்து எடுத்த முடிவல்ல அது. பிள்ளைகளின் நினைவே வரவில்லை.

மற்றக் குறைகள் இதோடு ஒப்பிடச் சில்லறையானவை. தொலைந்த வளர்ப்பு மகள் சிரியைத் தேடி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதாகக் கதை. ஆனால் நாட்கணக்கில் குவென்ட் சீட்டாடலாம், குதிரைப் பந்தயம் விடலாம், சிரி காத்திருப்பாள். அந்தச் சீட்டாட்டம் நன்றாகவே இருக்கிறது, அதுதான் ஆபத்து. நூல்களில் கெரால்ட் அடிக்கடி காசில்லாதவன். இங்கே பாதி வழியிலேயே செல்வந்தனாகி, கொள்ளையடித்த வாள்களை விற்றுத் திரிகிறான்.

சப்கோவ்ஸ்கி விளையாட்டு உரிமையை ஒரே தொகைக்கு விற்றவர். 2018 இல் அறுபது மில்லியன் ஸ்லோட்டி கேட்டுக் கடிதம் அனுப்பினார், 2019 டிசெம்பரில் புதிய உடன்பாடு ஏற்பட்டது. அவருக்கு விளையாட்டுகளில் ஈடுபாடு கிடையாது. அதைக் கிழட்டுப் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். இப்போது கொஞ்சம் விளங்குகிறது. 'குறைந்த தீமை' என்ற அவருடைய கதையில், இரண்டு தீமைகளில் ஒன்றைத் தெரிவுசெய் என்று இரு தரப்பும் கெரால்ட்டை நெருக்குகின்றன. மறுக்கிறான். ஆனாலும் சந்தைச் சனங்களைக் காப்பாற்ற வாளை உருவ நேர்கிறது. காப்பாற்றப்பட்ட சனங்களே அவன்மேல் கல்லெறிகிறார்கள். அந்தச் சந்தைக்கு முந்திய நிமிடத்துக்கு அவனால் திரும்பிப் போக முடியாது.

சென்ற விடுமுறையில் அந்தக் கதையை மகனிடம் கொடுத்தேன். ஒரே இருப்பில் வாசித்து முடித்தான்.

"கல்லெறி வாங்கிட்டுப் போறான்... முடிஞ்சா வாப்பா?"

"முடிஞ்சி மகன்."

அவன் கடைசிப் பக்கத்தை மீண்டும் ஒருமுறை புரட்டிப் பார்த்தான்.