கோப்பை வென்ற அணியே காணாமல் போனால், ஆடிய பையன்கள் என்ன ஆவார்கள்?

“பந்து ஆடினா சோறு கிடைக்குமா?” வடசென்னையில் கிரவுண்டுக்குக் கிளம்பும் பிள்ளையிடம் இப்படிக் கேட்காத அம்மாக்கள் குறைவு. பெரம்பூரில் இதற்குப் பல வருஷமாகச் சொல்லப்படும் பதில் ஒன்றுதான்: “நல்லா ஆடு, ரயில்வேல எடுத்துப்பாங்க.”

அந்தப் பதிலில் நியாயம் உண்டு. 1955 அக்டோபர் 2 அன்று பிரதமர் நேரு தொடங்கிவைத்த ஐ.சி.எஃப். ரயில் பெட்டிகளை மட்டும் செய்யவில்லை. தெற்கு ரயில்வேயைப் போலவே தனக்கென்று விளையாட்டு அணிகளையும் வைத்திருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தவருக்கு, ஆடி முடித்த பிறகும் வேலை இருக்கும்.

இப்போது பெரம்பூரின் ஒரு வீட்டில் அதுதான் சண்டை. தாத்தா ஐ.சி.எஃப்.பில் ஓய்வு பெற்றவர். பேரனுக்கு 17 வயது, ப்ளஸ் டூ. கால்பந்து கிளப் ஒன்றின் செலக்‌ஷனுக்குப் போக வேண்டும் என்கிறான்.

“கிளப்பு இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்காதுடா” என்கிறார் தாத்தா.

“கோட்டாவுல எடுக்கணும்னாலே பெரிய லெவல்ல ஆடியிருக்கணும் தாத்தா. அதுக்கு எங்கயாவது ஆடணும்ல?” என்கிறான் பேரன்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பவர் அம்மா.

தாத்தாவின் பயத்துக்குச் சாட்சியாக ஒரு அணியே இருக்கிறது: சென்னை சிட்டி எஃப்.சி. 1946-ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்பாக ஆரம்பித்த அணி அது. 2016-17 சீசனில் ஐ-லீக்கில் நுழைந்து, கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாக வைத்து ஆடியது. 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டம். எதிரணி மினெர்வா பஞ்சாப். ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கினார்கள். பிறகு உருகுவே வீரர் பெட்ரோ மான்ஸி பெனால்ட்டியில் சமன் செய்ய, கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் முந்தி, ஐ-லீக் பட்டத்தைத் தமிழ்நாட்டுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தார்கள். பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ்.

2021-22 ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை.

இது நம் ஊருக்கு மட்டும் நடந்ததல்ல. 1869-ல் அமெரிக்காவில் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் என்ற பேஸ்பால் அணி, எல்லா வீரர்களுக்கும் வெளிப்படையாகவே சம்பளம் கொடுத்தது. பேஸ்பாலில் அப்படிச் செய்த முதல் அணி அதுதான். அந்த ஆண்டு ஓர் ஆட்டத்தில்கூட அது தோற்கவில்லை. ஆனால், 1870 சீசன் முடிந்ததும் செலவு கட்டுப்படியாகவில்லை என்று அணி கலைந்தது. கேப்டன் ஹாரி ரைட் சில வீரர்களைக் கூட்டிக்கொண்டு பாஸ்டனுக்குப் போனார். அணியின் பெயரையும் கூடவே எடுத்துப்போனார். அங்கே அவர் கட்டிய அணியின் வழிவந்ததுதான் இன்றைய அட்லாண்டா பிரேவ்ஸ்.

சென்னை சிட்டி வீரர்களும் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. எட்வின் சிட்னி வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார்; ரொமாரியோ ஜேசுராஜ் எஃப்.சி. கோவாவுக்கு. பட்டம் வெல்வதற்கு முன்பே அங்கிருந்து கிளம்பியவர்களில், குமரி மாவட்டத்தைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூர் அணியில் சேர்ந்தார். சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் பல அணிகள் மாறி ஈஸ்ட் பெங்காலில் இடம்பிடித்தார். 2023 ஆகஸ்டில், டூரண்ட் கோப்பையில், மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோல்தான் அன்றைய ஆட்டத்தை முடித்துவைத்தது.

ஆனால், நாம் பெயர் சொல்வது மேலே போனவர்களை மட்டும்தான். ஒவ்வொரு அணியிலும் பெஞ்ச்சில் உட்கார்ந்தவர்களும் உண்டு. நம் பிள்ளை எந்த வரிசையில் நிற்பான் என்று 17 வயதில் யாராலும் சொல்ல முடியாது.

அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பப்ளிக் எக்ஸாம் முடிந்ததும் செலக்‌ஷன். இடம் கிடைத்தால், ஒப்பந்தத்தில் எத்தனை மாதச் சம்பளம், அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து. கூடவே ஒரு டிகிரி. ரயில்வே அறிவிப்பு வந்தால் விண்ணப்பம் போட்டாக வேண்டும்.

தாத்தாவுக்கு இதில் பாதி சம்மதம், பேரனுக்கும் பாதி சம்மதம். இப்போதைக்கு அது போதும்.