கனகம்மாசத்திரத்தில் ஆகாய வழிகாட்டி

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் பெருவழியில், திருவள்ளூரைத் தாண்டித் திருத்தணியை எட்டுவதற்கு முன்னால், கனகம்மாசத்திரம் என்று ஓர் ஊர் வருகிறது. பஸ்ஸில் போகிறவர்கள் இதை ஊராகவே எண்ணுவதில்லை. டீக்கடை, பழக்கடை, பஞ்சர் ஒட்டும் கடை, திருவாலங்காட்டுக்குப் பிரியும் கிளைச் சாலை, இவ்வளவுதான் அவர்கள் கண்ணில் படும். ஆனால் பெயரைச் சற்று நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். ரயிலும் பஸ்ஸும் தோன்றுவதற்கு முன், முருகனையும் வேங்கடவனையும் நாடிக் கால்நடையாகப் போன யாத்திரிகர்களுக்குத் தலை சாய்க்க இடமும் ஒரு கவளம் அன்னமும் தந்தவை சத்திரங்கள். வழி தெரியாதவன் வழி கேட்டதும் அங்கேதான்.

அத்தகைய ஊரிலே, நம்முடைய மோட்டார் சைக்கிளுக்கு ஆகாயத்திலிருந்து வழியறிந்து சொல்லும் யந்திரம் ஒன்றைச் சென்ற மாதம் பூட்டிக்கொண்டோம். யந்திரத்தைச் சென்னையில் வாங்கினோம். பூட்டுவதற்குக் கனகம்மாசத்திரத்து நண்பர் தமக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்.

“கைப்பேசியே வழி சொல்கிறதே, இதற்குத் தனியாக ஒரு செலவா?” என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சித்திரை வெயிலில் கைப்பேசி சூடேறி அணைந்துவிடுகிறது. மழை வந்தால் பைக்குள் ஒளிந்துகொள்கிறது. மோட்டார் சைக்கிளின் அதிர்வு கைப்பேசியின் காமிராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் கம்பெனியாரே 2021ல் எச்சரித்திருக்கிறார்கள். தனி யந்திரமோ மழைக்கும் தூசிக்கும் அஞ்சாதது. தேசப் படம் முழுவதையும் தன் வயிற்றிலேயே வைத்திருப்பதால், கைப்பேசிக் கோபுரம் இல்லாத காட்டிலும் அது விழிப்பதில்லை.

வாங்குவது எளிது, பூட்டுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மெக்கானிக்குக்கு இருபத்தைந்து வயதிருக்கலாம். யந்திரத்தை உடனே தொடவில்லை. கைப்பிடியை இடம் வலமாக முழுதும் திருப்பிப் பார்த்தார்; கம்பி எங்கே இழுபடும், எங்கே நசுங்கும் என்று கணக்கிட்டார். பிறகு கைப்பிடித் தண்டில் ரப்பர்ப் பட்டையைச் சுற்றி, அதன்மேல் இடுக்கியை முடுக்கினார். ரப்பர் இல்லாவிட்டால் நூறு கிலோ மீட்டர் போவதற்குள் திருகாணி தானாகவே கழன்றுவிடுமாம். அங்கிருந்து கம்பியை எண்ணெய்த் தொட்டியின் அடியாக ஆசனத்தின் கீழுள்ள பாட்டரிக்குக் கொண்டுபோனார். பாட்டரியின் சக்தி 12 வோல்ட். யந்திரம் ஏற்பதோ 5 வோல்ட். இரண்டுக்கும் நடுவே சக்தியைக் குறைத்துக் கொடுக்க ஒரு சிறு பெட்டி. பாட்டரியை ஒட்டினாற்போல் ஒரு பியூஸ். கம்பி எங்காவது உராய்ந்து தோல் உரிந்தால் வண்டி தீப்பிடிக்காமல் தன்னையே பலி கொடுப்பது அந்தப் பியூஸ்தான். அதை வைக்காமல் பூட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நேயர்கள் சம்மதிக்க வேண்டாம்.

“சாவியைத் திருப்பினாத்தான் சார் இதுக்கு உயிர் வரணும். நேரா பாட்டரியிலே கொடுத்தா ராத்திரியெல்லாம் குடிச்சிட்டிருக்கும், காலையிலே வண்டி கிளம்பாது” என்றார். அப்படியே சாவியோடு சேர்ந்து உயிர் பெறும் இணைப்பில் கோத்துக் கொடுத்தார். வேலை முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

பிறகு வண்டியை வேப்பமரத்து நிழலிலிருந்து தள்ளித் திறந்த வெளியில் நிறுத்தச் சொன்னார். யந்திரத்துக்கு வானம் தெரிய வேண்டும். ஏறக்குறைய 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றும் அமெரிக்கச் செயற்கைக் கோள்கள் ஒவ்வொன்றும், ‘நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்பொழுது மணி இன்னது’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்தச் செய்தி வந்து சேரத் தாமதித்த நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது கீழே உள்ள கருவி. நான்கு கோள்களின் செய்தி கிடைத்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். ஆகவே, இது வழி சொல்லும் வித்தையே அல்ல; மணி சொல்லும் வித்தை. கடிகாரம் ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், பூமியில் 300 மீட்டர் பிசகிப் போகும். கனகம்மாசத்திரத்துச் சந்திப்பில் நிற்பவன் கழனி நடுவே நிற்பதாகக் காட்டும்.

இந்தக் கடிகாரம் யாருடையது என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. 2000ஆம் வருஷம் மே மாதம் வரையில் அமெரிக்க ராணுவம் பிற ஜனங்களுக்குக் கொடுக்கும் செய்தியில் வேண்டுமென்றே பிழையைக் கலந்துவந்தது. அவர்கள் கலப்பதை நிறுத்தியதால் நமக்கு வழி துல்லியமாகத் தெரிகிறது. இரவல் வீட்டுத் திண்ணையில் எத்தனை நாள் படுத்தாலும் இரவல் திண்ணைதானே?

நம் தேசத்தார் இதை உணராமல் இல்லை. கனகம்மாசத்திரத்துக்கு வடகிழக்கே, பழவேற்காடு ஏரிக்கு அப்பால் இருக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து 2013 ஜூலை 1ஆம் தேதி நம்முடைய முதல் வழிகாட்டிக் கோள் ஏறியது. 2016 ஏப்ரலில் ஏழாவதும் ஏறியபின் அந்தக் கூட்டத்துக்கு ‘நாவிக்’ என்று பெயரிட்டார்கள். இவை ஏறக்குறைய 36,000 கிலோ மீட்டர் உயரத்தில் நம் பாகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவை. அவற்றில் ஒன்றுக்கு வகுத்த ஸ்தானம் 83 டிகிரி தீர்க்கரேகை. கனகம்மாசத்திரத்தில் நின்று அண்ணாந்தால் உச்சிக்குச் சற்றுத் தெற்கே.

ஆனால் கோள் நம்முடையதே தவிர, அதனுள் இருந்த அணுக் கடிகாரம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. முதல் கோளிலிருந்த மூன்று கடிகாரங்களும் நின்றுபோயின. அதற்குப் பதிலாக 2017 ஆகஸ்டில் அனுப்பிய கோள், மேலே மூடியிருந்த கவசம் பிரியாததால் வீணாயிற்று. 2023 மே 29ஆம் தேதி ஏறிய கோளில்தான் ஆமதாபாத்தில் நம்மவர் செய்த ருபீடியம் கடிகாரம் முதன்முதலாக வானம் பார்த்தது. 2025 ஜனவரியில் ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலில் அடுத்த கோள் சென்றது. ராக்கெட் தன் வேலையைச் சரியாகச் செய்தும், கோள் உரிய பாதையை அடையவில்லை. நாம் வாங்கிய யந்திரம் நாவிக்கின் குரலைக் கேட்கும் வகையைச் சேர்ந்ததல்ல. கடையில் அதைக் கேட்டு வாங்குகிறவர் பெருகினால்தான் செய்கிறவரும் பெருகுவார்.

யந்திரத்தின் முதல் பரீட்சையாகத் திருவாலங்காட்டைக் கேட்டோம். ஊரின் பெயரை அது கடித்துத் துப்பிய அழகை எழுத்தில் காட்ட முடியாது! வழியை மட்டும் பிசகாமல் சொல்லிற்று.

திருவாலங்காடு ஐந்து சபைகளில் ரத்தின சபை. காரைக்காலம்மையார் தலையால் நடந்த தலம் என்று, காலால் மிதிக்க அஞ்சி ஞானசம்பந்தர் ஊருக்குள் வராமல் அருகே தங்கினார் என்பது பெரிய புராணம். நாமோ சக்கரத்தால் மிதித்துக்கொண்டு போனோம். கோயிலைத் தரிசித்தபின் நம் மனம் போனது அங்கே கிடைத்த செப்பேடுகளின் மேல்தான். 1905ல் வெளிப்பட்ட அந்த 31 ஏடுகள், சோழ முத்திரையிட்ட வளையத்தில் கோத்தவை. பக்கத்துப் பழையனூரை ஆலங்காட்டு மகாதேவருக்கு ராஜேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் கொடுத்ததை அவை சொல்கின்றன.

கொடுத்த ஊரின் எல்லையை எப்படிக் குறித்தார்கள் தெரியுமா? ஒரு பெண் யானையை எல்லை நெடுக நடத்திச் சென்றார்கள். கூடவே அதிகாரிகளும் ஊராரும் நடந்தார்கள். கல்லும் கள்ளியும் நட்டார்கள். ஏரி, வாய்க்கால், மேடு, மரம் என்று ஒவ்வோர் அடையாளமாகச் சொல்லி, இதற்குக் கிழக்கு, அதற்கு வடக்கு என்று ஏடு ஏடாக வெட்டினார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்த வழிகாட்டிக்குச் செயற்கைக் கோள் இல்லை. ஆனால் சாட்சி இருந்தது. நம் யந்திரத்தின் படத்தில் பழையனூர் ஒரு புள்ளி. பக்கத்தில் ஏரி நீலமாக, பெயரில்லாமல் கிடக்கிறது. சாலையில் மாடு ஓட்டிவந்த ஒரு கிழவரிடம் கேட்டோம். ஏரியின் பெயரோடு, அதன் மதகு எந்தப் பக்கம், எந்த வருஷம் கடைசியாக நிரம்பிற்று என்பதையும் சேர்த்தே சொன்னார்.

திருத்தணியில் மலைமேல் வண்டி போகச் சாலை இருக்கிறது; யந்திரம் நம்மை அதில் ஏற்றி இறக்கிவிட்டது. படிக்கட்டால் ஏறுகிறவர்களைக் கண்டு கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. மலையிறங்கி வடக்கே போனால் பொன்பாடிச் சோதனைச் சாவடி. அப்பால் ஆந்திர தேசம். திருத்தணி தாலுகா முன்பு சித்தூர் ஜில்லாவில் இருந்தது. மங்கலங்கிழாரும் ம.பொ.சிவஞானமும் நடத்திய கிளர்ச்சியின் பயனாக, படாஸ்கர் வகுத்த எல்லைப்படி 1960 ஏப்ரல் 1ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அதற்காகச் சிறை சென்றவர்கள் உண்டு.

யந்திரம் அந்தக் கோட்டை மெல்லிய சாம்பல் நிறத்தில் காட்டிற்று. கோட்டுக்கு இப்பாலிருந்த டீக்கடைக்காரர் ஒரு லாரிக்காரரிடம் தெலுங்கிலும் நம்மிடம் தமிழிலுமாக ஒரே மூச்சில் பேசிக்கொண்டிருந்தார். “அடுத்த திருப்பம் பதினோரு கிலோ மீட்டர்” என்றது யந்திரம். சாவியைத் திருப்பினோம், மெக்கானிக் சொன்னபடியே உடனே அணைந்தது. இரண்டு டீ சொன்னோம்.