ஒருவகைப் பறவை

மார்கழி, தை மாதங்களின் ஞாயிற்றுக்கிழமைகளில் பனைமலை ஏரிக்குப் போவது சில ஆண்டுகளாக என் வழக்கம். அனந்தபுரத்தில் இருட்டோடு வண்டியை எடுத்தால் கிழக்கு வெளுக்கும்போது கரையில் நிற்கலாம். செஞ்சிக் கோட்டையைக் காண வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. ஏரியை ஒட்டிய சிறு குன்றின்மேல், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. அங்குள்ள உமையின் ஓவியத்தைத் தேடிச் சிலர் வருவார்கள். நான் போவது பறவைகளுக்காக.

இப்படிச் சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதி வந்தது அண்மையில்தான். அதற்கு முன் பல ஆண்டுகள், பறவைகளைப் பாடத்தில் மட்டுமே அறிந்தவனாக இருந்தேன். அன்றில், நாரை, குருகு, மகன்றில் என்று வகுப்பில் வாய் நிறையச் சொல்வேன். உரைநூல்கள் பலவற்றில் இச்சொற்களுக்கு எதிரே 'ஒருவகைப் பறவை' என்று இருக்கும். மாணவர்களும் அதையே எழுதுவார்கள். நானும் மதிப்பெண் போடுவேன்.

2006ஆம் ஆண்டு என்று நினைவு. வேலையில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. குறுந்தொகையின் 160ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். மதுரை மருதன் இளநாகனார் பாடியது. அதில் வரும் அன்றிலின் தலை நெருப்பைப் போலச் சிவந்தது. பெடையின் வளைந்த அலகு இறாலை ஒத்தது. உவமையின் அழகை விளக்கி முடித்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். ஏரிக்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து படித்தவன், அதிகம் பேசாதவன்.

"ஐயா, அன்றில் என்பது எந்தப் பறவை?"

"ஒருவகைப் பறவை."

"இப்போதும் இருக்கிறதா ஐயா?"

"தேர்வுக்கு இவ்வளவு போதும். உட்கார்."

வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்துகொண்டான். படிப்பு முடியும்வரை என் வகுப்பில் அவன் வேறு கேள்வி கேட்டதாக நினைவில்லை. சங்க இலக்கியப் பறவைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து பி.எல். சாமி எழுதிய 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்ற நூல் வெளிவந்து அப்போதே பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைத் தேடிப் படித்து மறுநாள் விடை சொல்லியிருக்கலாம். செய்யவில்லை.

பறவைகளிடம் என்னைக் கொண்டுசேர்த்தது அந்தக் கேள்வியன்று. நடைப்பயிற்சி வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால் ஏரிக்கரையில் நடக்கத் தொடங்கினேன். நடப்பவன் கண்ணில் ஏதாவது படத்தானே செய்யும்? நாமக்கோழியும் முக்குளிப்பானும் முதலில் பிடிபட்டன. பிறகு ஒரு பைனாகுலர் வாங்கினேன். க. ரத்னத்தின் 'தமிழ்நாட்டுப் பறவைகள்' கைக்கு வந்தது. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீரின்மேல் தாழப் பறந்து திரும்பும் மீசை ஆலா எனப் பட்டியல் வளர்ந்தது. வடக்கே, இமயத்துக்கும் அப்பால் குஞ்சு பொரித்துவிட்டு வரும் நீலச்சிறகிக் கூட்டத்தை முதன்முதலாக அடையாளம் கண்ட நாளில், வீட்டுக்கு வந்தும் வெகுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். வலசை என்பது தமிழனுக்குப் புதிய செய்தியன்று. சத்திமுத்தப் புலவர் தூது விட்ட செங்கால் நாரை, தெற்கே குமரியில் ஆடிவிட்டு வடக்கே திரும்பும் நாரைதான். அதன் அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமை சொன்னவர், பறவையையும் கிழங்கையும் அருகிலிருந்து பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும். நான் இரண்டில் கிழங்கை மட்டுமே பார்த்திருந்தேன்.

2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்கள் விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடானது. மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. ஏரிகள் கோடி போயின. தண்ணீர் நிறைந்தால் பறவைகளும் நிறையும் என்றுதான் எதிர்பார்த்தேன். அப்படி நடக்கவில்லை. உள்ளான் போன்ற சிறுகால் பறவைகளுக்கு வேண்டியது ஆழமில்லாத சேறு. ஏரி தளும்பும்போது சேறு நீருக்கடியில் போய்விடுகிறது. அவை வயல்களுக்கு இடம்பெயர்ந்துவிடுகின்றன.

2025 பொங்கல் விடுமுறையில் இது நன்றாகப் புரிந்தது. தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்திவருகிறார்கள். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் கண்டவற்றையும் கேட்டவற்றையும் குறித்து இணையத்தில் ஏற்றினால் போதும். அதற்காகத்தான் போயிருந்தேன். ஏரியில் எண்ண அதிகமில்லை. கரையிலிருந்து இறங்கி வயல் வரப்பில் நடந்தேன்.

அறுத்த வயல் ஒன்றில் கரிய பறவைகள் இரண்டு மேய்ந்துகொண்டிருந்தன. கோழியைவிடப் பெரியவை. கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகு. தோளருகே ஒரு வெள்ளைத் திட்டு. ஒன்று நிமிர்ந்து திரும்பியபோது இளவெயில் அதன் தலையில் விழுந்தது. உச்சியும் பிடரியும் செக்கச்சிவந்த மணிமணியான பருக்கள். தணல் வைத்ததுபோல் இருந்தது. பைனாகுலரை இறக்காமல் நின்றேன். எத்தனையோ ஆண்டுகள் உவமை என்று நடத்திய ஒன்று, வரப்புக்கு அந்தப் பக்கம் புழு பொறுக்கிக்கொண்டிருந்தது.

ஆடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து நின்றார். "பெரியவரே, அது என்ன பறவை?" என்று கேட்டேன்.

"அரிவாமூக்கன் சார். சோடியாத்தான் மேயும். விடியக்காலம் பனமரத்துமேல கத்தும் பாருங்க, தூங்க முடியாது."

இணை பிரியாமை, பனை, உறங்கவிடாத குரல் என்று அன்றிலுக்குச் சங்கப் பாடல்கள் சொல்லும் அடையாளங்களை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு ஆடுகளின் பின்னால் போனார்.

நூல்கள் இதைக் கருப்பு அரிவாள்மூக்கன் என்கின்றன. அன்றில் என்பது இதன் உறவான வேறோர் அரிவாள்மூக்கன், உடல் முழுதும் செம்பழுப்பாக மின்னுவது, என்று கொள்வோரும் உண்டு. ஆனால் அதற்குச் சிவந்த தலை இல்லை. அது பெரும்பாலும் கூட்டமாகத் திரியும். குரலும் அவ்வளவு உரத்ததன்று. எனக்கு இளநாகனாரின் சாட்சியும் ஆட்டுக்காரரின் சாட்சியும் போதும். அறிஞர்கள் மறுக்கலாம், மறுப்பதற்கும் வயலுக்கு வந்துதான் ஆகவேண்டும்.

அன்று வீடு திரும்பும்போது அந்த மாணவனை நினைத்துக்கொண்டேன். அவன் தெரியாமல் கேட்டான் என்றே இத்தனை காலம் எண்ணியிருந்தேன். ஏரிக்கரையில் வளர்ந்தவன் அவன். சிவந்த தலையும் வளைந்த மூக்கும் என்று நான் சொன்னபோது, தன் வயலில் மேயும் பறவை அவன் கண்முன் வந்திருக்கக்கூடும். தனக்குத் தெரிந்ததையும் பாட்டில் இருப்பதையும் சேர்த்துப் பார்க்கத்தான் எழுந்து நின்றானோ என்னவோ. அப்படியானால், அன்று அந்த வகுப்பில் அன்றிலை அறிந்திருந்தவன் அவன் ஒருவனே. அவனைத்தான் உட்காரச் சொன்னேன்.

இப்போது அந்தப் பாடலை நடத்தும்போது முதலில் மாணவர்களைக் கேட்கிறேன்: "உங்கள் ஊரில் இப்படியொரு பறவை உண்டா? என்ன பெயர் சொல்வார்கள்?" பெரும்பாலும் அமைதிதான். எப்போதாவது பின்வரிசையில் ஒரு கை தயங்கித் தயங்கி உயர்கிறது. அந்தக் கை முழுதாக உயரும்வரை பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறேன்.