கல்லில் ஆடும் சிவன், களத்தில் ஆடும் வள்ளி... நடனம் கற்க கோவையில் ஒரு நாள் சுற்று!

கோவை என்றதும் மில், மோட்டார் பம்ப், வெட் கிரைண்டர், அன்னபூர்ணா சாம்பார் என்றுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். நடனம் சட்டென்று யாருக்கும் தோன்றாது. ஆனால், சனிக்கிழமை சாயங்காலம் ஆர்.எஸ்.புரம், சாய்பாபா காலனி, வடவள்ளி பக்கம் நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு மாடியிலிருந்து 'தெய்யா தெய்' சத்தமும், தட்டுக்கழி மரப்பலகையில் விழும் ஓசையும் கேட்கும். வாசலில் குட்டிக் குட்டிச் செருப்புகள். ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடி போன் பார்த்துக்கொண்டு காத்திருக்கும் அம்மாக்கள்.

இந்த ஊரில் நடனம் கற்க நினைப்பவர்கள் முதலில் போக வேண்டிய இடம் எந்த வகுப்பும் அல்ல. பேரூர்!

முதல் பாடம் கல்லில்

கோவையிலிருந்து சிறுவாணி சாலையில் சுமார் 7 கி.மீ. தொலைவில், நொய்யல் கரையில் இருக்கிறது பேரூர் பட்டீசுவரர் கோயில். இதற்கு 'மேலைச் சிதம்பரம்' என்ற பெயரும் உண்டு. கோமுனி, பட்டிமுனி என்ற இரு முனிவர்களுக்காக சிவன் இங்கே ஆடினார் என்கிறது தலபுராணம்.

நடராஜர் சந்நிதிக்கு முன்னால் இருக்கும் கனகசபை, 17-ம் நூற்றாண்டில் நாயக்கர் காலத்தில் எழுந்தது. அதன் பெரிய தூண்களில் ஊர்த்துவ தாண்டவர், யானையை உரித்த சிவன், பிட்சாடனர், வீரபத்திரர், ஆலங்காட்டுக் காளி ஆகியோர் ஆளுயரத்துக்கும் மேலாக நிற்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் மேற்கூரையிலிருந்து கல்லிலேயே செதுக்கிய சங்கிலி தொங்கும்.

நடனம் படிக்கும் குழந்தையை இங்கே அழைத்துப் போனால் ஒரு வேடிக்கை நடக்கும். மற்றவர்கள் சாமி பார்ப்பார்கள். அந்தக் குழந்தை முட்டியைப் பார்க்கும். எந்தக் கால் ஊன்றியிருக்கிறது, இடுப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, விரல் எப்படி மடங்கியிருக்கிறது என்று கவனிக்கும். ஒற்றைக்காலில் பத்து நொடி நிற்க முடியாமல் தள்ளாடும் வயதில், சில நூற்றாண்டுகளாக ஒற்றைக்காலில் நிற்பவரைப் பார்ப்பது நல்ல பாடம்தான்.

பேரூருக்கு இன்னொரு கதையும் உண்டு. சுந்தரர் பொருள் கேட்டு வருகிறார் என்று தெரிந்ததும், கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாத சிவன், பார்வதியோடு வயலில் இறங்கி நாற்று நட்டாராம். தேடிக் கண்டுபிடித்த சுந்தரருக்குப் பிறகு தன் ஆட்டத்தைக் காட்டினாராம். இன்றும் ஆனி மாதத்தில் நாற்று நடவுத் திருவிழா நடக்கிறது. முட்டி மடக்கிக் குனிந்து வேலை செய்யும் உடம்பும் ஆடும் உடம்பும் வேறு வேறல்ல என்று கொங்கு மண் சொல்லிவைத்த கதை போலவே இருக்கிறது.

'இன்னும் உக்காரு கண்ணு!'

பரதநாட்டிய வகுப்பில் சேர்ந்த முதல் மாதம் பெரும்பாலும் ஒரே வேலைதான்... அரைமண்டி. முட்டிகளை இருபுறமும் விரித்துப் பாதி உட்கார்ந்த நிலை. 'இன்னும் உக்காரு கண்ணு' என்று டீச்சர் சொல்லச் சொல்ல, தொடை நடுங்கும். அடுத்து தட்டடவு, நாட்டடவு என்று ஒவ்வோர் அடவும் மூன்று காலத்திலும் பழக வேண்டும். அதற்குப் பிறகே அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா எனும் வரிசை. இந்த வரிசையை 19-ம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியவர்கள் தஞ்சை நால்வர் எனப்படும் சகோதரர்கள்.

'ரெண்டு வருஷத்துல அரங்கேற்றம் பண்ணிடலாமா?' என்ற கேள்வியோடு வரும் பெற்றோர் உண்டு. முறையாகக் கற்றால் அதற்குப் பல வருடங்கள் ஆகும். மண்டபம், பக்கவாத்தியம், புடவை, நகை, விருந்து என்று அரங்கேற்றச் செலவு லட்சங்களில் போவதும் நடக்கிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் சலங்கையைப் பரணில் போடும் வீடுகளும் ஏராளம். நடனத்தை நேசிக்கும் குழந்தைக்கு அந்த ஒரு வருடம் எவ்வளவு பெரிய இழப்பு என்பதை மார்க் ஷீட் காட்டாது.

செலவுதான் தடை என்றால், வழி இருக்கிறது. மலுமிச்சம்பட்டியில் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி உள்ளது. அங்கே பரதநாட்டியமும் பாடம். ஈரோட்டிலும் சேலத்திலும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இயங்குகின்றன. 5 முதல் 16 வயதுவரையான பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் கலைகள் சொல்லித்தரும் ஜவகர் சிறுவர் மன்றத்தையும் விசாரிக்கலாம்.

விழவும் கற்றுக்கொள்ள வேண்டும்

இப்போது கல்லூரிப் பிள்ளைகள் அதிகம் கேட்பது 'கன்டெம்பரரி'. டிவி ஷோ பார்த்து, அது சினிமா டான்ஸின் இன்னொரு பெயர் என்று நினைத்து வருபவர்களும் உண்டு. உண்மையில், அங்கே முதலில் மூச்சையும், தரையில் அடிபடாமல் விழுவதையும், உருண்டு எழுவதையும் பழக்குகிறார்கள். அரைமண்டியில் நிமிர்ந்தே நின்று பழகிய முதுகுக்கு அது புதுப் பாடம்.

இந்திய மண்ணில் இதற்கு முக்கியமான பாதை போட்டவர்களில் ஒருவர் சந்திரலேகா. பரதநாட்டியத்தோடு களரிப்பயிற்றையும் யோகாவையும் சேர்த்து 1985-ல் அவர் உருவாக்கிய 'அங்கிகா' பெரிதும் பேசப்பட்டது. களரியின் சொந்த மண்ணான கேரளா, வாளையாறு தாண்டினால் வந்துவிடும் என்பது கோவைக்காரர்களுக்குக் கூடுதல் வசதி. ஆனாலும் பெரிய மேடைகளும் பயிலரங்குகளும் சென்னையிலும் பெங்களூரிலும்தான் அதிகம். மார்கழி வந்தால் சேரன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, காலையில் சென்னையில் இறங்கி, சபா சபாவாகச் சுற்றிவிட்டுத் திரும்பும் மாணவர்கள் உண்டு.

பாட்டியும் பேத்தியும் ஒரே வரிசையில்

இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே போங்கள். அன்னூர், சூலூர், காரமடை வட்டாரக் கிராமங்களில் கோயில் திடலில் டியூப் லைட் எரியும். மில் ஷிஃப்ட், தோட்ட வேலை, ஸ்கூல் எல்லாம் முடித்தவர்கள் காலில் சலங்கை கட்டி வட்டமாக நிற்பார்கள். ஆசிரியர் ஒரு வரி பாட, அடி மாறும். வள்ளி தினைப்புனம் காத்தது, முருகன் வேடனாகவும் கிழவனாகவும் வந்தது, யானை வந்து மிரட்டியது, கடைசியில் கல்யாணம்... வள்ளிக்கும்மி!

ஒரு காலத்தில் இது ஆண்கள் மட்டுமே ஆடியது. அந்த வழக்கத்தை மாற்றிப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் கோவை மாவட்டத்தைச் சேர்ந்த ஆசிரியர் பத்ரப்பன். 2024-ல், 87-வது வயதில் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இன்று பல திடல்களில் பெண்களே அதிகம். பாட்டி, மருமகள், பேத்தி மூவரும் ஒரே நிறப் புடவையில் ஒரே வட்டத்தில் சுற்றுவதைப் பார்க்கலாம்.

இங்கேயும் அரங்கேற்றம் உண்டு. சில மாதப் பயிற்சிக்குப் பிறகு ஊர் கோயில் முன்னால், ஊரே பார்க்க நடக்கும். மண்டப வாடகை கிடையாது; பார்க்க டிக்கெட் கிடையாது. அடி தப்பினால் பக்கத்து வரிசை அக்கா கையைப் பிடித்து இழுத்துவிடுவார். பல வருடம் முன்பு படிப்புக்காகப் பரதத்தை விட்ட பெண், கல்யாணமாகிக் குழந்தையும் பெற்ற பிறகு மறுபடி சலங்கை கட்ட இந்த வட்டத்தில் இடம் இருக்கிறது. வயது, எடை, உயரம் எதுவும் கேட்காத வகுப்பு இது.

போகிறீர்களா?

பேரூருக்கு காந்திபுரம், உக்கடத்திலிருந்து டவுன் பஸ் உண்டு. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். பங்குனி உத்திரம், மார்கழித் திருவாதிரை நாள்களில் கூட்டம் அதிகம். சிற்பங்களை நிதானமாகப் பார்க்க சாதாரண நாளே நல்லது. வகுப்பில் சேர்க்கும் முன், குழந்தையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். டீச்சர் எத்தனை மேடை ஏறினார் என்பதைவிட, தப்பாக ஆடும் பிள்ளையை எப்படித் திருத்துகிறார் என்று கவனியுங்கள்.

வள்ளிக்கும்மி பார்க்கப் போனால் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. 'சும்மா நிக்கறீங்களே, வாங்க அம்மிணி' என்று கூப்பிட்டு வட்டத்துக்குள் நிறுத்திவிடுவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிவிடுங்கள்!